லோடு போட்டுப் பாருங்கள்

(கோவையில் வயரிங் பணியாளர்கள், மாணவர்கள், பொதுமக்கள் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேசையில் ஒரு நூறு வாட் குண்டு பல்பு இருக்கிறது. பக்கத்தில் ஒரு மல்டிமீட்டர், ஒயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் அளக்கும் ஒரு டாங் டெஸ்டர், ஹோல்டர் மாட்டிய ஒயர். இன்றைக்கு நான் பேசவிருக்கும் விஷயத்துக்கு இவ்வளவு சாமான் போதும். கணக்கும் சின்னதுதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் கிடைக்கும், அது தடை. அதே வோல்ட்டை அதே ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும், அது திறன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவார்கள். ஆனாலும் வீட்டில் பிளக் கருகும்போது, தோட்டத்தில் மோட்டார் காயில் எரியும்போது, இந்தக் கணக்கை எடுத்துப் போட்டுப் பார்ப்பவர் குறைவு. எழுதத் தெரிந்த கணக்கை எங்கே, எப்போது போட வேண்டும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் எல்லோர் வீட்டிலும் இருக்கிற கீசரை எடுத்துக்கொள்வோம். அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் 2000 வாட், 230 வோல்ட் என்று போட்டிருக்கும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். 230-ஐ 8.7-ஆல் வகுத்தால் 26.4 ஓம். கம்பெனிக்காரர் ஓம் கணக்கைத் தகட்டில் எழுதுவதில்லை, நாமே எடுத்துக்கொள்ளலாம். இந்த 26.4 கையில் இருந்தால், வோல்ட்டேஜ் குறைந்த நாளில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடலாம். சாயங்காலம் உங்கள் தெருவில் 180 வோல்ட்தான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 180-ஐ 26.4-ஆல் வகுத்தால் 6.8 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 1,225 வாட். வோல்ட்டேஜ் 100-க்கு 22 பங்குதான் குறைந்தது; சூடோ 39 பங்கு குறைந்துவிட்டது. வோல்ட் குறைந்ததால் ஆம்பியரும் சேர்ந்து குறைகிறது. பெருக்கும்போது இரண்டு குறைவும் கூடிக்கொள்கின்றன. 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற முழு வோல்ட்டேஜில் ஏறத்தாழ 16 நிமிடம் ஆகும். 180 வோல்ட்டில் 26 நிமிடம் நிற்க வேண்டும். “கீசர் பழசாயிடுச்சு” என்று புதிதாக வாங்கப் போகிறவர்கள், கடைக்குப் போகும் முன்னால் வோல்ட்டேஜைப் பார்ப்பது நல்லது.

இனி பல்புக்கு வருகிறேன். முன்வரிசையில் இருக்கும் தம்பி, நீங்கள் வந்து மல்டிமீட்டரை ஓமில் வைத்து இந்தப் பல்பின் இரண்டு இணைப்பிலும் முனையைத் தொடுங்கள். எவ்வளவு காட்டுகிறது? 40 ஓம். சரி, இந்த அரங்கில் இப்போது வருவது 228 வோல்ட். 228-ஐ 40-ஆல் வகுத்தால் 5.7 ஆம்பியர். பெருக்கினால் 1,300 வாட். நூறு வாட் பல்பு ஆயிரத்து முந்நூறு வாட் இழுக்கும் என்கிறது கணக்கு! எங்கே தவறு? வகுத்ததிலா, மீட்டரிலா?

பல்பைப் போட்டுப் பார்ப்போம். டாங் டெஸ்டரில் அளக்கும்போது இரண்டு ஒயரையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான் காட்டும். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுவிடும். அதனால் ஒரு ஒயரை மட்டும் பிரித்திருக்கிறேன். நூறு வாட் பல்பின் மின்னோட்டம் இந்த மீட்டருக்கு மிகச் சிறியது. ஆகவே அந்த ஒற்றை ஒயரை டாங்கின் வாய்க்குள் பத்துச் சுற்று சுற்றியிருக்கிறேன். பத்துச் சுற்றுக்குப் பத்து மடங்கு காட்டும்; பத்தால் வகுத்துக்கொள்ளலாம். ஸ்விட்சைப் போடுங்கள். 4.3 காட்டுகிறது. அப்படியென்றால் உண்மையில் ஓடுவது 0.43 ஆம்பியர். 228-ஐ 0.43-ஆல் வகுத்தால் 530 ஓம். பெருக்கினால் 98 வாட்.

சற்று முன் 40 ஓம் என்று காட்டிய அதே பல்புதான் இப்போது 530 ஓம். தம்பி அளந்ததும் சரி, இப்போது அளந்ததும் சரி. உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை எரியும்போது 2,500 டிகிரி அளவுக்குச் சூடாகிறது. உலோகம் சூடேறினால் தடை ஏறும். குளிர்ந்த பல்பின் தடை 40. எரியும் பல்பின் தடை 530. ஸ்விட்சைப் போட்ட கண நேரத்துக்கு அந்த 5.7 ஆம்பியர் உண்மையாகவே பாயத்தான் செய்கிறது. பழைய பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது போவதைவிட, ஸ்விட்ச் போடும்போது ‘டக்’கென்று போவது அதிகம். அதற்கு இந்த முதல் பாய்ச்சல்தான் காரணம்.

இதைத்தான் உங்கள் தொழிலில் “லோடு போட்டுப் பாரு” என்கிறீர்கள். சும்மா இருக்கும் பொருளின் தடை வேறு, வேலை செய்யும் பொருளின் தடை வேறு. வோல்ட்டையும் ஆம்பியரையும் அது ஓடும்போது ஒரே நேரத்தில் எடுத்து வகுத்தால்தான் அதன் உண்மையான தடை தெரியும்.

இந்தப் பாடத்தை முதலில் கஷ்டப்பட்டுக் கற்றவர், யாருடைய பெயரில் தடையின் அலகு இருக்கிறதோ அந்த ஜார்ஜ் சைமன் ஓம்தான். 1789-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்தில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். அந்தத் தகப்பனார் பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவர்; தானே கணக்கும் இயற்பியலும் கற்று, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். ஒரு மகன் ஓம். இன்னொரு மகன் மார்ட்டின் ஓம், அவரும் கணிதப் பேராசிரியர் ஆனார். பட்டறைக்காரர் வீட்டில் வளர்ந்ததால் ஓமுக்குக் கருவிகளைத் தன் கையாலேயே செய்துகொள்ளத் தெரிந்திருந்தது. கொலோன் நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு, கிடைத்த நேரத்தில் சோதனைகள் செய்தார்.

1825-இல் அவர் செய்த முதல் சோதனை சரியாக வரவில்லை. மின்சாரத்துக்கு அவர் பயன்படுத்தியது வோல்ட்டா வகை மின்கலம். கம்பியை இணைத்தவுடன் மின்கலத்தின் வேகம் தளர்ந்துவிடும். எடுத்தால் மறுபடி ஏறும். லோடு போட்டால் இறங்கும் மூலத்தை வைத்துக்கொண்டு எந்தக் கம்பியை அளந்தாலும் கணக்கு ஒட்டாது. அந்தக் காலத்து முக்கிய ஜெர்மன் இயற்பியல் இதழின் ஆசிரியர் பொக்கெண்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார்: வெப்பமின் இரட்டையைப் பயன்படுத்திப் பாருங்கள். இரண்டு உலோகங்களை முனையோடு முனை சேர்த்து, ஒரு முனையைச் சூட்டிலும் மறு முனையைக் குளிர்ச்சியிலும் வைத்தால் மின்னோட்டம் பிறக்கும் என்பதை சீபெக் என்ற ஆய்வாளர் அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் கண்டுபிடித்திருந்தார். ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் சேர்த்தார். ஒரு முனையைக் கொதிக்கும் தண்ணீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிநீரும் பனியும் தம் வெப்பநிலையை மாற்றிக்கொள்வதில்லை; ஆகவே மூலமும் அசையவில்லை.

1826-இல் ஒரே பருமனுள்ள எட்டு செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக அதில் இணைத்தார். மிகக் குட்டையானது 2 அங்குலம், மிக நீளமானது 130 அங்குலம். ஒரு காந்த ஊசியை மெல்லிய உலோகப் பட்டையில் தொங்கவிட்டு, மின்னோட்டம் அதை எவ்வளவு திருப்புகிறது என்று அளந்தார். 2 அங்குலத்துக்கு ஏறத்தாழ 327 பிரிவு. 130 அங்குலத்துக்கு 48½. கொஞ்சம் நில்லுங்கள். கம்பி 65 மடங்கு நீண்டிருக்கிறது. மின்னோட்டம் 65 மடங்கு குறைய வேண்டாமா? 7 மடங்குகூடக் குறையவில்லையே!

ஏனென்றால் சுற்றில் இருப்பது அந்தக் கம்பி மட்டும் இல்லை. பிஸ்மத் துண்டு இருக்கிறது, இணைப்புகள் இருக்கின்றன, அளக்கும் கருவியின் பட்டை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தடை உண்டு. அந்த மிச்சத் தடை முழுவதும் தன் சோதனைக் கம்பியில் 20¼ அங்குலத்துக்குச் சமம் என்று ஓம் கண்டுபிடித்தார். எந்தக் கம்பியை இணைத்தாலும் அதன் நீளத்தோடு 20¼-ஐக் கூட்டிக்கொள்; பிறகு வகு. வகுத்தால் எட்டு அளவுகளும் அச்சாகப் பொருந்தின. 22¼-க்கும் 150¼-க்கும் உள்ள விகிதத்தை நீங்களே பாருங்கள், அதே ஏழுக்குச் சற்றுக் குறைவுதான். 1827-இல் இதையெல்லாம் கணக்கோடு புத்தகமாக வெளியிட்டார். சொந்த நாட்டில் மதிப்பு வர நாளாயிற்று. லண்டன் ராயல் சொசைட்டி 1841-இல் காப்லி பதக்கம் கொடுத்தது. மியூனிக்கில் பேராசிரியர் நாற்காலி கிடைத்தது 1852-இல், இறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்னால்.

நம் பள்ளிப் புத்தகங்களில் ஓம் விதி சுருங்கி, ‘வோல்ட் வகுத்தல் ஆம்பியர்’ என்று நின்றுவிட்டது. அந்த 20¼ அங்குலம் விட்டுப்போயிற்று. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஏனென்றால் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசி வீட்டில் குடியிருப்பவர் அன்றாடம் அனுபவிப்பது அந்த விட்டுப்போன பகுதியைத்தான்.

அதை அளக்கும் விதத்தைச் சொல்கிறேன். கம்பத்தில் ஏற வேண்டாம், ஒரு ஒயரையும் அவிழ்க்க வேண்டாம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கீசர் பாயிண்டில் வோல்ட்டேஜ் பாருங்கள்: 225 என்று வைப்போம். இப்போது கீசரைப் போட்டு மறுபடி பாருங்கள்: 213. கூடவே டாங் டெஸ்டரில் ஆம்பியர்: 8. அப்படியானால் 12 வோல்ட் வழியில் விழுந்துவிட்டது. 12-ஐ 8-ஆல் வகுத்தால் ஒன்றரை ஓம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து உங்கள் குளியலறைச் சுவர்வரைக்கும் போகவும் வரவும் உள்ள பாதையின் தடை அது. 12-ஐ 8-ஆல் பெருக்கினால் 96 வாட். அந்தப் பாதையில் எங்கேயோ ஒரு நூறு வாட் பல்புக்குச் சமமான சூடு, கீசர் ஓடும் நேரமெல்லாம் வீணாகிக்கொண்டிருக்கிறது. லோடு இல்லாமல் 225 காட்டியபோது எல்லாம் சரியாக இருப்பதுபோல்தான் தெரிந்தது. ஆம்பியர் ஓடாதபோது வழியில் வோல்ட் விழாது. குற்றம் வெளியே தெரியாது. இந்த அளவை மீட்டர் பழகிய எலக்ட்ரீஷியன் எடுக்கட்டும். நீங்கள் அவரிடம் கேட்டு வாங்க வேண்டியது இரண்டு எண்: லோடு இல்லாமல் ஒன்று, லோடோடு ஒன்று.

அடுத்த கேள்வி முக்கியமானது. அந்த 96 வாட் எங்கே விழுகிறது? இங்கேதான் வீடு பிழைப்பதும் எரிவதும் இருக்கிறது.

1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்குக் கிலோமீட்டருக்கு 12 ஓம் அளவு தடை. 2.5-க்கு ஏழரைக்குச் சற்றுக் குறைவு, 4-க்கு 4.6. மெயின் போர்டிலிருந்து கீசர் 20 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஒன்றரை ஒயரில் இழுத்திருக்கிறார்கள். போக வர 40 மீட்டர். தடை அரை ஓம். 8.7 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 37 வாட் சூடு. 40 மீட்டர் நீளத்துக்கு அது பரவிவிடுவதால் மீட்டருக்கு ஒரு வாட்டுக்கும் கீழே. ஒயர் அதிகம் போனால் வெதுவெதுப்பாகும். கீசருக்கு இரண்டரையோ நாலோ இழுப்பதுதான் முறை, நான் அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த அரை ஓம் வீட்டைக் கொளுத்தாது.

இதே அரை ஓம் பிளக்கின் ஒரு ஸ்க்ரூவில் இருந்தால்? ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, அல்லது சாக்கெட்டின் பித்தளை நாக்கு தளர்ந்து பின்னைச் சரியாகக் கவ்வவில்லை. அதே 37 வாட். ஆனால் இப்போது அது ஒரு நகக்கண் அளவு இடத்தில். சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அது ஈயத்தை உருக்குகிறது. உங்கள் சுவரில், பிளாஸ்டிக்குக்கு நடுவில், அதைவிடப் பெரிய ஒரு சால்டரிங் அயர்ன் எரிந்துகொண்டிருக்கிறது. சூடு பட்ட பித்தளை கறுக்கிறது. கறுத்த பரப்பில் தடை ஏறுகிறது. தடை ஏற ஏறச் சூடு கூடுகிறது. ஒரு தரம் கருகிய பிளக்கை உப்புத்தாளில் தேய்த்துவிட்டு மறுபடி செருகுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பித்தளை நாக்கு சூட்டில் தன் விறைப்பை இழந்துவிட்டது, தேய்த்தால் நிறம்தான் திரும்பும். சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்து மாற்றுங்கள்.

“ஆம்பியர் மிகுந்தால் துண்டிக்கும் எம்.சி.பி. இருக்கிறதே, விழுந்துவிடாதா?” என்று கேட்பார்கள். விழாது. கணக்கைப் போடுங்கள். கீசர் 26.4, தளர்ந்த இணைப்பு அரை, ஆக 26.9 ஓம். 230-ஐ வகுத்தால் 8.55 ஆம்பியர். இணைப்பு நன்றாக இருந்தபோது 8.7. மின்னோட்டம் கூடவில்லை, குறைந்திருக்கிறது! எம்.சி.பி.க்குத் தெரிவது ஆம்பியர் மட்டும். இணைப்பு இன்னும் கெட்டு அதன் தடையும் 26.4-ஐத் தொட்டுவிட்டால், வோல்ட் பாதிப் பாதியாகப் பிரியும், ஓடுவது 4.35 ஆம்பியர், கீசரில் 500 வாட், அந்த இணைப்பில் 500 வாட். அவ்வளவு தூரம் போவதற்குள் அங்கே தீ பிடித்திருக்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி.யோ நாலரைக்கும் கீழே ஓடுகிறது, எல்லாம் நலம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கூடிய அளவு வோல்ட் மட்டும்தான்: லோடு போட்டு, போர்டில் ஒரு தரம், பிளக்குக்கு அப்பால் ஒரு தரம். ஒயரின் தடையால் விழ வேண்டிய வோல்ட்டைவிட வித்தியாசம் கூடுதலாக இருந்தால் அந்த வழியில் ஓர் இணைப்பு உங்களைக் கூப்பிடுகிறது. மீட்டர் இல்லாதவர்கள், கீசர் அணைத்தவுடன் பிளக்கைக் கழற்றிப் பின்னைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

இந்த இடத்தில் மாணவர்களுக்கு ஒரு குழப்பம் வரும், வரவும் வேண்டும். ஒரு சூத்திரம், வோல்ட்டின் வர்க்கத்தைத் தடையால் வகு என்கிறது. அப்படியானால் தடை குறைந்தால் சூடு கூடும். இன்னொன்று, ஆம்பியரின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கு என்கிறது. அப்படியானால் தடை கூடினால் சூடு கூடும். எது உண்மை? இரண்டும் உண்மை. எது மாறாமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கீசர் நேராக 230 வோல்ட்டில் நிற்கிறது, வோல்ட் மாறாது, ஆகவே தடை குறைந்த கீசர்தான் அதிக வாட். தளர்ந்த ஸ்க்ரூ கீசருக்கு முன்னால் வரிசையில் நிற்கிறது. அதன் வழியே எவ்வளவு ஆம்பியர் போக வேண்டும் என்பதைக் கீசர்தான் முடிவு செய்கிறது. ஆம்பியர் கிட்டத்தட்ட மாறாது. ஆகவே தடை கூடிய ஸ்க்ரூவில்தான் அதிகச் சூடு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பரீட்சை மட்டுமல்ல, பாதித் தொழிலும் கைவந்துவிடும்.

ஆம்பியரின் வர்க்கம் என்ற இந்த உண்மையைச் சொன்னவர் ஜேம்ஸ் ஜூல். இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பீர் காய்ச்சும் ஆலை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. வெப்பமானியை நுணுக்கமாகப் படிப்பது ஆலைத் தொழிலின் தேவை. அந்தக் கை அவருக்கு இருந்தது. கம்பியைக் கண்ணாடிக் குழாயில் சுற்றித் தண்ணீரில் இறக்கி, மின்சாரம் விட்டு, தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று அளந்து 1841-இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 23-ஐத் தாண்டவில்லை. ஆம்பியர் இரட்டித்தால் சூடு இரட்டிக்காது, நாலு மடங்காகும்.

இனி மோட்டார். பம்ப் செய்து நாடெங்கும் அனுப்பும் ஊரில் நின்றுகொண்டு மோட்டாரைப் பற்றிப் பேசாமல் இறங்க முடியாது. இங்கே நான் இதுவரை சொன்ன வகுத்தல் பெருக்கல் அப்படியே செல்லாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் காயிலை மல்டிமீட்டரில் அளந்தால் சில ஓம்தான் காட்டும். அதை வைத்து வோல்ட்டை வகுத்தால் தலை சுற்றும் அளவுக்கு ஆம்பியர் வரும். ஓடும் மோட்டார் தனக்குள்ளேயே எதிர் வோல்ட்டேஜ் ஒன்றை உண்டாக்கி மின்னோட்டத்தைத் தடுத்து நிறுத்துகிறது. காயிலின் தடை அதில் சின்னப் பங்கு. இதனால்தான் மோட்டார் சுற்றாமல் இறுகிக்கொண்டால் சில நிமிடத்தில் காயில் போய்விடுகிறது. எதிர் வோல்ட்டேஜ் வெகுவாகக் குறைந்துவிடுகிறது; இப்போது தடுப்பு போதாது.

பெருக்கலுக்கும் ஒரு திருத்தம் வேண்டும். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஒன்று 230 வோல்ட்டில் 7 ஆம்பியர் இழுக்கிறது, பெருக்கினால் 1,610. ஆனால் பவர் ஃபேக்டர் 0.7 என்றால் மோட்டார் உண்மையில் எடுப்பது 1,127 வாட். கூடவே ஒரு பகுதி ஆற்றல் லைனுக்கும் காந்தத்துக்கும் நடுவே போய்ப் போய் வருகிறது. அது வேலை செய்யாவிட்டாலும் ஆம்பியர் ஆம்பியர்தான்; ஒயரைச் சூடாக்கவே செய்யும். கெபாசிட்டர் போடச் சொல்வது இதற்காக.

5 எச்.பி. மூன்று ஃபேஸ் பம்ப் மோட்டார், 415 வோல்ட்டில், முழு லோடில் ஏழு ஆம்பியருக்குச் சற்று மேலே இழுக்கும். தோட்டத்தில் வோல்ட்டேஜ் 350-க்கு இறங்கிவிட்டது. கீசராக இருந்தால் ஆம்பியர் குறைந்திருக்கும். மோட்டார் அப்படி இல்லை. கிணற்றின் ஆழம் குறையவில்லை, ஏற்ற வேண்டிய தண்ணீர் குறையவில்லை. அதே வேலையைச் செய்ய மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கிறது, எட்டரைக்குப் போகிறது. ஆம்பியர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடியது. ஜூல் சொன்னபடி வர்க்கம் எடுத்தால் காயிலின் சூடு 40 சதவீதம் கூடிவிட்டது. இன்சுலேஷனுக்கு ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி. காயில் கட்டும் கடைக்குப் போய்ப் பாருங்கள். வார்னிஷ் கருகி, செம்பு கறுத்துக் கிடக்கும் சுருள்களில் எத்தனையோ இந்த நாற்பது சதவீதம் தின்றவை. ‘மோட்டார் மட்டம்’ என்று கம்பெனியைத் திட்டுவதற்கு முன், மோட்டார் ஓடும்போது ஸ்டார்ட்டரில் வோல்ட்டும் ஆம்பியரும் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஓவர்லோடு ரிலே அடிக்கடி விழுகிறது என்று அதன் அளவைத் திருகிக் கூட்டிவிடாதீர்கள். அது விழுவது உங்கள் நன்மைக்கு.

இதே வர்க்கக் கணக்குதான் மலைமேல் கம்பிகள் ஏன் அவ்வளவு உயர்ந்த வோல்ட்டேஜில் போகின்றன என்பதற்கும் விடை. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. நீலகிரியிலிருந்து இறங்கிய அந்த மின்சாரத்தை நம்பித்தான் கோவையில் ஆலைகள் பெருகின. இன்றைக்குச் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேல் ஒரு நேர்மின்னோட்ட வழித்தடம் வருகிறது. ஒரு பக்கம் கூட்டல் 800, மறு பக்கம் கழித்தல் 800 கிலோவோல்ட். இரண்டுக்கும் நடுவே 1,600. கொண்டுவரக்கூடிய திறன் 6,000 மெகாவாட். நேர்மின்னோட்டம் என்பதால் பவர் ஃபேக்டர் தொல்லை இல்லை, நேராக வகுக்கலாம்: 3,750 ஆம்பியர். வோல்ட்டேஜை நாலில் ஒரு பங்காக்கி அதே திறனை அனுப்பினால் 15,000 ஆம்பியர் ஓட வேண்டும். அதே கம்பியில் வழியில் வீணாகும் சூடு 16 மடங்கு. கீசருக்கும் இந்தத் தடத்துக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றேதான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

இன்னொரு வகுத்தல் உண்டு. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. மனித உடம்பையும் வகுக்கலாம். ஈரக் கையோடு, வெறுங்காலோடு இருப்பவரின் உடம்புக்கு ஏறத்தாழ 1,000 ஓம் என்று வைத்துக் கணக்கிடுவார்கள். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். இதயத்தை நிறுத்த இதில் சின்னப் பங்கு போதும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இந்த 0.23 கண்ணிலேயே படாது. ஃபியூஸும் எம்.சி.பி.யும் காப்பது ஒயரை, ஆளை அல்ல. ஆளைக் காப்பதற்கென்று இருப்பது ஆர்.சி.சி.பி.; போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டால் அறுத்துவிடும். சற்று முன் டாங் டெஸ்டரில் இரண்டு ஒயரையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம் காட்டும் என்றேனே, ஆர்.சி.சி.பி.க்குள் நடப்பது அதேதான். பூஜ்யம் வராவிட்டால் மிச்சம் வேறு வழியில், ஒருவேளை ஓர் ஆளின் உடம்பு வழியே, பூமிக்குப் போகிறது என்று அர்த்தம். வாடகை வீடோ சொந்த வீடோ, அது இல்லாத வீட்டில் கீசர், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார் மூன்றையும் ஓட்டாதீர்கள். மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்துச் சாக்கெட்டில் செருகுவதும் வேண்டாம். ஆம்பியர் அளக்கும் வழிக்குத் தடை மிகச் சிறியது, வகுத்துப் பாருங்கள், கையில் ஷார்ட் சர்க்யூட்டைப் பிடித்திருப்பீர்கள்.

கடைசியாக, எந்தக் கருவியும் இல்லாதவர்கள் வீட்டில் செய்து பார்க்க ஒன்று. உங்கள் வீட்டு மின்மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அதன் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் 3,200. ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கீசரை மட்டும் போடுங்கள். போனில் நேரம் வைத்துக்கொண்டு பத்து மினுக்கலுக்கு எத்தனை நொடி என்று எண்ணுங்கள். ஆறு நொடி என்றால், ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல், அதை 3,200-ஆல் வகுத்தால் ஒரு மினுக்கலுக்கு 1,125 ஜூல், பத்துக்கு 11,250, ஆறு நொடியால் வகுத்தால் 1,875 வாட். தகட்டில் 2000 என்று போட்டிருக்கிறது, அப்படியானால் உங்களுக்கு வரும் வோல்ட்டேஜ் எவ்வளவு? தடை 26.4, திறன் 1,875. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 222 சொச்சம் வோல்ட். வோல்ட் மீட்டர் இல்லாமலே வோல்ட்டேஜ் தெரிந்துவிட்டது. காலையில் ஒரு தரம், தெருவே விளக்குப் போட்டிருக்கும் இரவு ஏழு மணிக்கு ஒரு தரம் எண்ணிப் பாருங்கள். இரவில் அந்தப் பத்து மினுக்கல் எட்டு நொடிக்கு நீண்டால், வோல்ட்டேஜ் 193-க்கு இறங்கியிருக்கிறது. மின்வாரிய அலுவலகத்துக்குப் போகும்போது “லோ வோல்ட்டேஜுங்க” என்று வாயால் சொல்வதோடு நிற்காமல், தேதியும் மணியும் நொடிக் கணக்கும் எழுதிய தாளோடு போங்கள்.

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். பல்பை அளந்து பார்க்க விரும்பும் மாணவர்கள் மேசைக்கு வரலாம். இழை ஆறியபின் ஒரு தரம், எரியும்போது ஒரு தரம், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.